சதுரங்கம் – வாசகர் கேள்வி பதில்: எந்தத் தொடக்கத்தைப் பிடிப்பது?

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஆட்டத்தின் முதல் பத்து நகர்வுகளைப் பற்றியவை என்பதால், அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். நம் பக்கத்துப் பிள்ளைகளின் வழக்கப்படி பிஷப்பை மந்திரி என்றும், மூலையில் நிற்பதைக் கோட்டை என்றும் எழுதுகிறேன். டி4 போன்ற குறிகளில் எழுத்து, ஏ முதல் எச் வரையான நெட்டு வரிசையையும், எண் வெள்ளைப் பக்கத்திலிருந்து எத்தனையாவது கட்டம் என்பதையும் சொல்லும்; காயின் பெயர் இல்லாவிட்டால் அது சிப்பாயின் நகர்வு. பலகையை முன்னால் விரித்து வைத்துக்கொண்டு வாசித்தால் நல்லது.

கேள்வி: ஐயா, என் மகன் தரம் 8இல் படிக்கிறான். சனிக்கிழமைகளில் சதுரங்க வகுப்புக்குப் போகிறான். அங்கே கறுப்பு ஆடும் தொடக்கங்களில் ஒன்றான சிசிலியன் தற்காப்பின் நகர்வுகளைத் தாள் தாளாக அச்செடுத்துக் கொடுத்து மனனம் செய்யச் சொல்கிறார்கள். தாள்கள் நாற்பதைத் தாண்டிவிட்டன. அவனோ போட்டியில் ஐந்தாம் நகர்விலேயே தடுமாறி நிற்கிறான். படிப்புக்கு இடையூறில்லாமல் ஆடக்கூடிய எளிமையான தொடக்கம் ஏதும் இருக்கிறதா?
– ஒரு தாய், களுவாஞ்சிக்குடி

பதில்: அம்மா, தாள்களில் இருப்பது பிழையென்று சொல்லமாட்டேன், உலகின் பெரிய ஆட்டக்காரர்கள் ஆடிய நகர்வுகள்தான் அவை. ஆனால் வலய மட்டப் போட்டியில் உங்கள் மகனுக்கு எதிரே வந்து அமரும் பிள்ளை அந்தத் தாளைக் கண்டதேயில்லை. அந்தப் பிள்ளை நான்காம் நகர்விலோ ஐந்தாம் நகர்விலோ தன் மனத்துக்குப் பட்டதை ஆடிவிடும். அந்தக் கணமே நாற்பது தாளும் பயனற்றுப் போய்விடும். மகன் தடுமாறுவது மறதியினால் அல்ல, ஒவ்வொரு காயும் அந்தந்த இடத்துக்கு ஏன் போகிறது என்பதை அவனுக்கு யாரும் சொல்லாததனால்தான்.

வெள்ளைக் காய்களுக்கு நான் சொல்வது லண்டன் முறை. முதலில் டி4. அடுத்து சி1இல் இருக்கும் மந்திரி எஃப்4க்குப் போகிறது. பிறகு ஈ3, ஒரு குதிரை எஃப்3க்கு, சி3, மற்ற மந்திரி டி3க்கு, மற்றக் குதிரை டி2க்கு, கடைசியாகக் கோட்டை கட்டுதல், அதாவது ராஜாவையும் கோட்டையையும் ஒரே நகர்வில் இடம் மாற்றுவது. எட்டு நகர்வில் வீடு கட்டி முடிந்துவிடும். எதிரி என்ன ஆடினாலும் பெரும்பாலும் இதே வீட்டைக் கட்டலாம் என்பதுதான் இதன் சிறப்பு. 1922இல் லண்டனில் அன்றைய உலகச் சம்பியன் கபபிளாங்கா வென்ற போட்டியில் பலர் இதை ஆடியதால் இந்தப் பெயர் வந்தது. சிறு பிள்ளைகளுக்கான ஆட்டமென்று யாராவது ஏளனம் செய்தால், 2023ஆம் ஆண்டு உலகச் சம்பியன் பட்டத்துக்கான அஸ்தானா ஆட்டத் தொடரின் 6ஆவது ஆட்டத்தில் டிங் லிரென் இதே முறையால்தான் நெபோம்னியாச்சியை வென்றார் என்று சொல்லுங்கள்.

வரிசையை மனனம் செய்வதோடு நிற்க வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் மகன் வாயால் சொல்ல வேண்டும். ஈ3 ஆடுவதற்கு முன்பே மந்திரியை ஏன் எஃப்4க்கு எடுக்கிறோம்? பின்பு எடுக்க நினைத்தால் ஈ3இல் நிற்கும் சொந்தச் சிப்பாயே வழியை அடைத்துவிடும். சி3 எதற்கு? நடுவில் நிற்கும் டி4 சிப்பாய்க்கு முட்டுக்கொடுக்க. டி3 மந்திரி எங்கே பார்க்கிறது? கறுப்பு ராஜா ஒளிந்திருக்கும் பக்கத்தின் எச்7ஐ. எஃப்3 குதிரை கடைசியில் எங்கே போக ஆசைப்படுகிறது? ஈ5க்கு. இந்த நான்கையும் சொல்லத் தெரிந்த பிள்ளை, எதிரி எதிர்பாராத ஒன்றை ஆடும்போது திகைத்து நிற்காது.

நம்மூர்க் கூத்துக் களரியில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் அதற்குரிய வரவுத் தாளம், அதாவது களரிக்குள் நுழையும் தாளம், இருக்கிறது. அண்ணாவியார் முதலில் வரவாட்டத்தைப் பழக்குவார். ஆனால் வரவு மட்டும் தெரிந்தவனைக் கூத்தாடி என்று யாரும் சொல்வதில்லை. லண்டன் முறையின் எட்டு நகர்வும் வரவுதான். அதைப் பழக ஒரு சனிக்கிழமை போதும். மீதிச் சனிக்கிழமைகளைக் காய் வெட்டும் கணக்குகளுக்கும், ராஜாவும் சிப்பாயும் மட்டும் எஞ்சிய இறுதி ஆட்டங்களுக்கும் கொடுக்கச் சொல்லுங்கள். அந்த வயதில் ஆட்டங்கள் தோற்பதும் வெல்வதும் அங்கேதான்.

ஒரு விடயம் மட்டும்: பத்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு நான் லண்டனைச் சொல்வதில்லை. அவர்கள் ஈ4 ஆடி, குதிரையை எஃப்3க்கும் மந்திரியை சி4க்கும் கொண்டுவரும் இத்தாலிய ஆட்டத்தில் அடிபட்டு, அடித்து, காய்களின் பலத்தைக் கண்டுகொள்ள வேண்டும். உங்கள் மகன் அந்தப் படியைத் தாண்டிவிட்டான்.

கேள்வி: சேர், நான் உயர்தரம் படிக்கிறேன். மூன்று வருடமாக வெள்ளையில் லண்டன் மட்டுமே ஆடுகிறேன். பாடசாலைக்குள் எல்லாரையும் வெல்கிறேன். ஆனால் வெளிப் போட்டிகளில், எதிராளி ராணியை பி6க்குக் கொண்டுவந்தால் எனக்கு ஒன்றும் ஓடுவதில்லை. தொடக்கத்தை மாற்றிவிடவா?
– மாணவன், அக்கரைப்பற்று

பதில்: மாற்ற வேண்டாம் தம்பி. உங்கள் சிக்கல் தொடக்கத்தில் இல்லை. எதிரியைப் பார்க்காமலே எட்டு நகர்வையும் ஆடும் பழக்கத்தில் இருக்கிறது. லண்டன் ஆடுகிற எல்லாரையும் பிடிக்கும் நோய் இது. நானும் அதில் கிடந்து எழும்பியவன்தான்.

ராணி பி6க்கு வருவதன் நோக்கம் ஒன்றே ஒன்று. உங்கள் சி1 மந்திரி வெளியே போய்விட்டதால் பி2 சிப்பாய்க்குக் காவல் இல்லை. அதைக் கறுப்பு குறிவைக்கிறது. வழக்கமான வரிசை இப்படி வரும்: டி4, டி5, குதிரை எஃப்3, குதிரை எஃப்6, மந்திரி எஃப்4, சி5, ஈ3, குதிரை சி6, சி3, ராணி பி6. இங்கே நேரடியான பதில், உங்கள் ராணியை பி3க்குக் கொண்டுவந்து ராணிக்கு ராணி எதிரே நிறுத்துவது. கறுப்பு சி4 என்று சிப்பாயைத் தள்ளி உங்கள் ராணியை விரட்டும். பி6இல் ராணியை வெட்டினால் கறுப்பு தன் ஏ7 சிப்பாயால் திருப்பி வெட்டும். அதனால் ஏ வரிசை அதன் கோட்டைக்குத் திறந்துவிடும். அதை விரும்பாதவர்கள் சி2க்குப் பின்வாங்குவார்கள். அது சரிதான், ஆனால் கண்ணி வைக்கப்பட்டிருப்பதும் அங்கேதான்.

கறுப்பு இப்போது மந்திரியை எஃப்5க்குக் கொண்டுவந்து உங்கள் ராணிக்கு முன்னால் வைக்கிறது. அந்த மந்திரிக்கு எந்தக் காவலும் இல்லை. பல வருடங்களுக்கு முன் ஒரு மாகாண மட்டப் போட்டியில் இதே நிலையில் நான் கை நடுங்க நடுங்க அந்த மந்திரியை வெட்டினேன். எதிரில் இருந்த பையன் தலையை நிமிர்த்தவேயில்லை. அவனுடைய ராணி பி2 சிப்பாயை வெட்டியது. என் குதிரை இன்னும் பி1இல் நின்றதால் ஏ1 மூலையில் இருந்த கோட்டைக்குத் தப்பிப் போக ஒரு கட்டமும் இல்லை. மந்திரியை வாங்கிக் கோட்டையைக் கொடுத்தேன். மதிய உணவுக்கு முன்பே ஆட்டம் முடிந்துவிட்டது. எஃப்5 மந்திரியை வெட்டாமல் ராணியை சி1க்கு எடுத்திருக்க வேண்டும். பார்க்கக் கோழைத்தனமாக இருக்கும். ஆனால் பி2க்குக் காவல் கிடைக்கிறது, பிறகு பி3 என்று கறுப்பின் சி4 சிப்பாயை உடைக்கலாம். டி3க் கட்டத்தை அந்த சி4 சிப்பாய் பறித்துக்கொண்டதால், உங்கள் பழக்கத்தை விட்டுவிட்டு மற்ற மந்திரியை ஈ2இல் வைக்க வேண்டும்.

இன்னும் ஒரு நுட்பம் உண்டு. இதே நிலையில் உங்கள் ராணிப்பக்கக் குதிரை முன்கூட்டியே டி2க்கு வந்திருந்தால் கதை தலைகீழ். அப்போது ஏ1 கோட்டை டி1க்கு நழுவிவிடும். இரண்டு சிப்பாய்களுக்கு ஒரு மந்திரி உங்களுக்குக் கிடைக்கும். ஆகவே எட்டு நகர்வும் ஒன்றுதான் என்றாலும் அவற்றின் வரிசை ஒன்றல்ல. உங்களுக்கு இனித் தேவைப்படுவது இந்த வகை அறிவுதான், புதுத் தொடக்கம் அல்ல.

வேறு இரண்டு இடங்களையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கறுப்பு ஜி6 ஆடி மந்திரியை ஜி7இல் வைத்தால், உங்கள் டி3 மந்திரி சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கும். அங்கே அதை ஈ2இல் வைத்து, எச்3 ஆடி எஃப்4 மந்திரிக்கு எச்2இல் ஒரு பதுங்குமிடம் செய்துகொள்வது நல்லது. கறுப்பும் உங்களைப் போலவே மந்திரியை எஃப்5க்கு வெகு சீக்கிரம் எடுத்துவிட்டால், பி7க்குக் காவல் போய்விட்டதென்று பொருள்; அப்போது சி3ஐ மறந்துவிட்டு சி4 ஆடி ராணியை பி3க்குக் கொண்டுவாருங்கள். அவர்கள் உங்களுக்குச் செய்ததையே நீங்கள் அவர்களுக்குச் செய்வதுதான்.

கேள்வி: என் ஏழு வயது மகள் நான்கே நகர்வில் செக்மேட் ஆகிவிட்டு அழுதுகொண்டு வருகிறாள். இதைத் தடுக்க ஏதும் எளிய வழி?
– ஒரு தந்தை, ஏறாவூர்

பதில்: வெள்ளையின் மந்திரி சி4இலும் ராணி எச்5இலும் நிற்க, இரண்டும் சேர்ந்து எஃப்7ஐப் பார்க்கின்றன. மகள் குதிரையை எஃப்6க்கு எடுத்து ராணியை விரட்டப் பார்த்திருப்பாள். ராணி எஃப்7 சிப்பாயை வெட்டிச் செக்மேட் செய்துவிடும். குதிரைக்கு முதல் ஜி6 ஆடச் சொல்லுங்கள். ராணி எஃப்3க்குப் போய் மறுபடியும் எஃப்7ஐப் பார்த்தால், இப்போது குதிரையை எஃப்6க்கு எடுக்கலாம். ஒரே எச்சரிக்கை: வெள்ளை ராணி இரண்டாம் நகர்விலேயே எச்5க்கு வந்துவிட்டால் உடனே ஜி6 ஆடக் கூடாது, ஏனென்றால் ராணி ஈ5 சிப்பாயைச் செக்கோடு வெட்டி, அடுத்ததாக மூலைக் கோட்டையையும் எடுத்துவிடும். அப்போது முதலில் குதிரையை சி6க்கு எடுத்து ஈ5ஐக் காக்க வேண்டும். இதை வீட்டில் பத்துத் தடவை ஆடிக் காட்டுங்கள். அழுகை நின்றுவிடும், அடுத்த மாதம் அவளே இதை வேறு பிள்ளைக்குச் செய்துவிட்டு வருவாள், அதற்கும் தயாராக இருங்கள்.

கேள்வி: எங்கள் பாடசாலையில் பயிற்றுநர் இல்லை, நான்தான் கணிதம் கற்பித்துவிட்டு மாலையில் பிள்ளைகளுக்குச் சதுரங்கமும் சொல்லிக் கொடுக்கிறேன். வெள்ளைக்கு லண்டன் முறை என்று தீர்மானித்துவிட்டோம். கறுப்புக்கு ஈ4க்கு ஒன்று, டி4க்கு ஒன்று என்று இரண்டு தனித்தனித் தொடக்கங்களைக் கற்பிக்க எனக்கு நேரம் போதாது. இரண்டுக்கும் பொதுவாக ஒன்று இருக்கிறதா?
– ஆசிரியை, திருக்கோவில்

பதில்: இருக்கிறது, ஆசிரியை அவர்களே. சி6, டி5 என்ற இரண்டு சிப்பாய்களையும் பிடித்துக்கொள்ளுங்கள். வெள்ளை ஈ4 ஆடினால் சி6, பிறகு டி5. இதற்குக் காரோ–கான் தற்காப்பு என்று பெயர். ஹொராஷியோ காரோ, மார்க்கஸ் கான் என்ற இருவர் 1886இல் இதை ஆராய்ந்து எழுதியதால் வந்த பெயர். வெள்ளை டி4, சி4 என்று ஆடினால் டி5, பிறகு சி6; இதற்கு ஸ்லாவ் என்று பெயர். இரண்டிலும் சிப்பாய்ச் சட்டகம் ஒன்றே. உலகச் சம்பியன்களான கபபிளாங்காவும் கார்ப்போவும் காரோ–கானை நம்பி ஆடியவர்கள் என்று சொன்னால் பிள்ளைகள் உற்சாகப்படுவார்கள்.

பிள்ளைகளுக்கு ஒரே கேள்வியைப் பழக்குங்கள்: “என் சி8 மந்திரி வெளியே போய்விட்டதா?” ஈ6 ஆடிவிட்டால் அது வீட்டுக்குள் அடைபடும், ஆகவே முடிந்த இடத்திலெல்லாம் முதலில் மந்திரி எஃப்5, பிறகுதான் ஈ6. காரோ–கானில் வெள்ளை ஈ5 என்று தள்ளினாலும், டி5க்கு எதிரே குதிரையை சி3க்குக் கொண்டுவந்து, ஈ4இல் நாம் வெட்ட, அந்தக் குதிரையால் திருப்பி வெட்டினாலும், நம் பதில் மந்திரி எஃப்5தான். பின்னதில் குதிரை ஜி3க்கு வந்து மந்திரியை விரட்டும். மந்திரி ஜி6க்குப் போகும். வெள்ளை எச்4 ஆடும். அங்கே உடனே எச்6 ஆட வேண்டும். மறந்து வேறு எதையாவது ஆடினால் வெள்ளையின் எச்5 மந்திரியைச் சிறைப்பிடித்துவிடக்கூடும்.

ஸ்லாவில் மட்டும் சற்றுப் பொறுமை வேண்டும். வெள்ளைக் குதிரைகள் எஃப்3க்கும் சி3க்கும் வந்துவிட்ட பின் அவசரப்பட்டு மந்திரியை எஃப்5க்கு எடுத்தால், வெள்ளை டி5இல் வெட்டி, ராணியை பி3க்குக் கொண்டுவந்து பி7ஐப் பிடித்துக்கொள்ளும். அங்கே முதலில் டி5 சிப்பாயால் சி4ஐ வெட்டுங்கள். வெள்ளை ஏ4 ஆடிய பின் மந்திரி எஃப்5க்குப் போகலாம்.

பிள்ளைகளுக்குக் கட்டாயம் பலகையில் காட்ட வேண்டிய ஒன்று இருக்கிறது. காரோ–கானில் வெள்ளைக் குதிரை ஈ4இல் நிற்கும்போது, மந்திரி எஃப்5க்குப் பதிலாகக் குதிரையை டி7க்கு எடுக்கும் வழியும் ஒன்று உண்டு. கெட்ட வழி அல்ல. அப்போது வெள்ளை ராணியை ஈ2க்கு எடுக்கும். ராணி தன் மந்திரிக்கே வழியை அடைத்துவிட்டதென்று பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டே மற்றக் குதிரையை எஃப்6க்கு எடுப்பார்கள். வெள்ளைக் குதிரை டி6க்குத் தாவும்: செக்மேட். ஈ7 சிப்பாய் அந்தக் குதிரையை வெட்டலாமே என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். வெட்ட முடியாது, அந்தச் சிப்பாய் விலகினால் ஈ2 ராணியின் பார்வை நேரே ராஜாவில் விழும். கட்டிப்போடப்பட்ட காய் என்றால் என்ன என்பதை இதைவிடத் தெளிவாக விளக்கும் உதாரணம் எனக்குத் தெரியாது. ஆறே நகர்வு.

கேள்வி: ஓய்வுபெற்ற பிறகு மறுபடியும் சதுரங்கம் ஆடத் தொடங்கியிருக்கிறேன். லண்டன் முறை சலித்துவிட்டது. அதைப் போலவே மனனம் குறைவான வேறொன்று சொல்வீர்களா?
– வாசகர், கல்லடி

பதில்: கிங்ஸ் இந்தியன் அட்டாக் என்று அழைக்கப்படும் அமைப்பைப் பாருங்கள். குதிரை எஃப்3, ஜி3, மந்திரி ஜி2, கோட்டை கட்டுதல், டி3, மற்றக் குதிரை டி2, பிறகு ஈ4. வரிசையை விருப்பம்போல் மாற்றலாம். கறுப்பு ஈ6, டி5 என்று ஆடினால் இது மிக நன்றாகப் பொருந்தும்: ஈ5 என்று தள்ளி நடுவை மூடிவிட்டு, எச் சிப்பாயை ராஜாவை நோக்கி அனுப்பலாம். 1967இல் தூனிசியாவின் சூஸ் நகரில் அமெரிக்காவின் பிஷர் மொங்கோலியாவின் மியாக்மர்சுரேனை வென்ற ஆட்டத்தைத் தேடி ஆடிப் பாருங்கள். முப்பது நகர்வு வரை ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். 31ஆம் நகர்வில் பிஷர் ராணியை எச்7இல் கொடுக்க, கறுப்பு ஆட்டத்தை விட்டுவிட்டது. சலிப்புக்கு நல்ல மருந்து.

கேள்வி: நீங்கள் சொல்வதெல்லாம் சரி. ஆனால் எந்த அளவு படித்தால் போதும் என்று எப்படித் தெரிந்துகொள்வது? கைத்தொலைபேசியில் செயலிகளைத் திறந்தால் முடிவே இல்லை.
– மாணவி, வாழைச்சேனை

பதில்: செயலியை மூடிவிட்டு ஒரு கொப்பியை எடுங்கள், மகள். போட்டியில் எழுதிய உங்கள் கடைசிப் பத்து ஆட்டங்களின் தாள்களையும் அதில் பார்த்தெழுதுங்கள். ஒவ்வோர் ஆட்டத்திலும், “இதற்குப் பிறகு எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை” என்று உங்களுக்குத் தோன்றிய முதல் நகர்வின் கீழ் சிவப்புப் பேனாவால் கோடிடுங்கள். பத்தில் நான்கைந்து கோடுகள் ஒரே மாதிரி நிலையில் விழும். அந்த நிலைக்கு மட்டும் ஒரு பதிலைத் தேடிப் பிடித்து, அதன் காரணத்தை இரண்டு வரியில் பக்கத்தில் எழுதிவையுங்கள். அந்த மாதத்துக்கு அதுவே போதும்; கோடு பதினைந்தாம் நகர்வுக்குப் பின்னால் விழத் தொடங்கினால், தொடக்கத்தைப் படிப்பதை நிறுத்திவிட்டு இறுதி ஆட்டத்துக்குப் போங்கள். கோடுகள் எங்கே விழுந்தன என்று குழப்பமாக இருந்தால் கொப்பியின் அந்தப் பக்கத்தை இந்தப் பகுதிக்கே அனுப்பிவையுங்கள். எழுத்து மட்டும் வாசிக்கக்கூடியதாக இருக்கட்டும்.